பம்பை ஓட்டிப் பார்த்து எழுதிய கணக்கு

"ஸ்டேஷன் டேட்டாதானே சார்? ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினா ரெண்டே நாள்ல இந்தியா முழுக்க வந்துடும்" என்றார் அந்தத் தம்பி. ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்காக என்னையும் கூப்பிட்டிருந்த கூட்டம் அது. முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, டீ கொடுத்துவிட்டு இதைச் சொன்னார்கள். நீலகிரிக்காரனுக்கு டிப் டீ கொடுத்ததையாவது மன்னித்துவிடலாம். பாதி உத்தியோக காலத்தைத் தீயணைப்பு நிலையங்களைக் கணக்கெடுப்பதில் கழித்தவனைப் பார்த்து "டேட்டாதானே" என்றது இன்னும் உறுத்துகிறது.

தம்பி சொன்னதில் பொய் இல்லை. இரண்டு நாளில் வரும். எல்லாக் கட்டமும் நிரம்பியே வரும். நிரம்பிய கணக்குக்கு இந்த நாட்டில் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. 2012-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தீயணைப்புத் துறைக்கென்று வெளியிட்ட வழிகாட்டு நூலை எடுத்துப் பாருங்கள். தேவையோடு ஒப்பிட்டால் நாட்டில் நிலையங்கள் 97.54 சதவீதம் குறைவு, ஆட்கள் 96.28 சதவீதம் குறைவு, வண்டிகள் 80.04 சதவீதம் குறைவு என்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் மத்திய உள்துறைக்காக ஆர்.எம்.எஸ்.ஐ. என்ற நிறுவனம் செய்த ஆய்வோ, தேவை 8,559 நிலையங்கள், இருப்பது 2,987, பற்றாக்குறை 65 சதவீதம் என்கிறது. நூற்றுக்கு இரண்டரை நிலையம்தான் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. முப்பத்தைந்து இருக்கிறது என்பது இன்னொன்று.

பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் கைக்கு வந்த எண்ணை எடுத்துப் போடுகிறார்கள். எதை வகுத்தார்கள், எதனால் வகுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, கிராமப்புறத்தில் 50-க்கு ஒன்று என்பது மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் பழைய விதி. நாட்டின் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். 50-ஆல் வகுத்தால் அறுபத்தைந்தாயிரம் நிலையம் கேட்கும். தார்ப் பாலைவனத்துக்கும் லடாக் பனிமலைக்கும் சேர்த்துத்தான். பற்றாக்குறை தொண்ணூற்றைந்தைத் தாண்டாமல் என்ன செய்யும்? இரண்டாவது ஆய்வு பரப்பை விட்டுவிட்டு, அழைப்பு வந்த இடத்துக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்று சாலைப்படத்தை வைத்துப் பார்த்தது. அதுவே நியாயமான வழி. அந்த மட்டில் கணினிக்காரர்களுக்கு நான் எதிரி இல்லை.

தேவை எவ்வளவு என்பது தில்லி முடிவு செய்யும் சங்கதி. எங்கள் தொழில் மற்ற பக்கத்தில் இருக்கிறது, அதாவது "இருப்பது 2,987" என்று எழுதுகிற இடத்தில். நிலையம் இருக்கிறது என்று எழுதுவதைவிடக் கஷ்டமான வாக்கியம் இந்தத் துறையில் கிடையாது.

என் ஊர் ஜெகதளாவையே எடுத்துக்கொள்கிறேன். குன்னூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. எங்களுக்கென்று அரசு நிலையம் இல்லை. 101 அடித்தால் குன்னூரிலிருந்துதான் வண்டி ஏறி வரவேண்டும். ஆனால் பக்கத்திலேயே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1900-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வெடிமருந்து ஆலை. வெடிமருந்து செய்கிற இடத்தில் தீயணைப்புப் பிரிவு இல்லாமல் இருக்குமா? வண்டியும் ஆட்களும் உண்டு. அந்தப் பக்கம் வெலிங்டனில் இராணுவம். இவர்கள் யாரும் மாநிலத் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் பட்டியலில் வரமாட்டார்கள். ஆலை பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் இருந்தது. 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கையில். படிவத்தில் எங்கள் ஊர் 'நிலையம் இல்லாத பகுதி'. ஊரில் நின்று பார்த்தால் சிவப்பு வண்டி தெரியும்.

இதே குழப்பத்தை நாடு முழுக்க விரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் தீயணைப்பு என்பது மாநில அரசின் துறை. மும்பையில் மாநகராட்சியின் பிரிவு. அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் வேலையாகச் சொல்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு வேறு. விமான நிலையத்தில் தனி அணி, துறைமுகத்தில் தனி அணி, பெரிய பொதுத்துறை ஆலைகளில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவு. 'உங்கள் மாநிலத்தில் எத்தனை நிலையங்கள்' என்று ஒரே கேள்வியை எல்லாருக்கும் அனுப்பினால், ஒருவர் நகராட்சி நிலையத்தைச் சேர்ப்பார், ஒருவர் விடுவார், ஒருவர் அரசாணை வந்து இன்னும் கட்டடம் எழும்பாத நிலையத்தையும் சேர்த்துக்கொள்வார். மூன்று பேரும் கூசாமல் கையெழுத்துப் போடுவார்கள், ஏனென்றால் மூன்றுமே ஒரு வகையில் உண்மை.

ஆட்கள் கணக்கு இதைவிட மோசம். அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஒரு எண். அதில் காலியிடம் போக இருப்பவர்கள் ஒரு எண். அதிலும் மாற்றுப்பணியில் போனவர்கள், பயிற்சிக்குப் போனவர்கள், தேர்த்திருவிழா ஸ்டாண்ட்-பைக்குப் போனவர்கள் எல்லாரும் போக, இன்றைக்கு மணி அடித்தால் வண்டியில் ஏறப்போகிறவர்கள் ஒரு எண். தீக்குத் தெரிந்தது கடைசி எண் மட்டும்தான். தில்லிக்குப் போவது பெரும்பாலும் முதல் எண்.

சம்பவக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2015-க்கு வெளியிட்டதில் நாட்டில் தீ விபத்துகள் 18,450, இறந்தவர்கள் 17,700, காயமடைந்தவர்கள் 1,193. இதைப் படித்துவிட்டு ஒருவராவது திடுக்கிட்டிருக்க வேண்டாமா? விபத்துக்கு ஒரு சாவு வீதம் விழுகிறது, காயம்பட்டவர்கள் செத்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தீ அப்படி நடந்துகொள்ளாது. பத்துத் தீக்குப் போனால் ஒன்பதில் பொருள்தான் போயிருக்கும், ஆள் போயிருக்கமாட்டார்கள். மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் வரும் அழைப்புகளைக் கூட்டினாலே இந்தப் பதினெட்டாயிரம் காணாமல் போய்விடும். காரணம் எளிது. அந்தக் கணக்கு காவல் நிலையத்திலிருந்து போகிறது. காவல் நிலையம் பதிவேட்டைத் திறப்பது பெரும்பாலும் சாவு விழுந்தால்தான். 2024 ஜூலை வரை நடப்பிலிருந்த குற்றவிசாரணை முறைச் சட்டத்தின் 174-இல் விசாரணை, பிரேதப் பரிசோதனை, அப்புறம் கணக்கு. அடுப்பு வெடித்து ஆஸ்பத்திரியில் இறந்தவர் அதில் வருவார். எங்களை யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். நாங்கள் விடிய விடிய நின்று அணைத்த தேயிலை ஃபேக்டரித் தீ அதில் வராது, ஏனென்றால் யாரும் சாகவில்லை. ஆக, நன்றாக வேலை செய்த நிலையம் தேசியக் கணக்கில் தெரியவே தெரியாது.

காட்டுத்தீ இன்னொரு வீட்டுப் பிள்ளை. அதை வனத்துறை எழுதுகிறது. டேராடூனிலிருந்து இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோளில் பார்த்து எச்சரிக்கை அனுப்புகிறது. 2024 மார்ச்சில் குன்னூரில் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியதை ஊரே பார்த்தது. அந்த ஒரு தீ எத்தனை துறைகளின் கணக்கில் எத்தனை விதமாகப் பதிந்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததாகப் பெருமை பேசமாட்டேன். எனக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு டிரைவர் மெக்கானிக். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. பதவியில் எனக்குக் கீழே, வயதில் என் அப்பாவுக்கு அடுத்தபடி. நான் சின்ன வயதில் நிலைய அலுவலராக வந்து உட்கார்ந்தபோது, பயிற்சியில் படித்ததை வைத்துக்கொண்டு தீ அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லா அறிக்கையிலும் 'தகவல் கிடைத்ததும் உடனடியாகப் புறப்பட்டு' என்று இருக்கும். போய்ச் சேர்ந்த நேரம் ஐந்தின் மடங்காகவே இருக்கும். 10 நிமிடம், 15 நிமிடம், 20 நிமிடம். மலைமேல் பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்த வண்டி ஒன்றுகூட எங்கள் பதிவேட்டில் இல்லை.

அண்ணாச்சி ஒருநாள் வண்டியின் லாக் புக்கைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "சார், அறிக்கைய நாலு பேர் படிப்பாகன்னு எழுதுதோம். இத ஒருத்தரும் படிக்க மாட்டாகன்னு எழுதுதோம். எது நெசம்னு நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார்.

லாக் புக்கில் இருப்பது நான்கு விஷயம்: மீட்டர் புறப்பட்டது, மீட்டர் திரும்பியது, பம்ப் ஓடிய நிமிடம், ஊற்றிய டீசல். டீசலுக்குத் தணிக்கை உண்டு. ஒரு லிட்டர் கூடினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் அதில் கைவைக்க எவருக்கும் துணிச்சல் வராது. அண்ணாச்சி அதிலிருந்து எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் படிப்பார். அறிக்கை 'பெரும் போராட்டத்துக்குப் பின் தீ கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது' என்று சொல்லும். பம்ப் நான்கு நிமிடம் ஓடியிருக்கும். "இது குப்பைமேடு சார்" என்பார். இன்னொன்றில் 'சிறு தீ' என்று போட்டிருக்கும்; பம்ப் மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். நடுத்தரத் தீ என்றோ பெருந்தீ என்றோ எழுதினால் மேலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி வரும் என்று யாரோ சொத்து மதிப்பைக் குறைத்துப் போட்டிருப்பார்கள். முதலாளி இன்ஷூரன்ஸுக்காக ஏற்றிச் சொல்வார், நிலையம் தன் நிம்மதிக்காக இறக்கி எழுதும். இரண்டுக்கும் நடுவில் பம்ப் ஓடிய நிமிடம் ஒன்றுதான் யாருக்கும் சொந்தக்காரனாக இல்லாதது.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்த நிலையத்துக்குப் போனாலும் அலுவலர் அறைக்குள் போகமாட்டார். நேரே வண்டி நிற்கும் பேவுக்குப் போய், தரையைப் பார்ப்பார். டயருக்குக் கீழே தூசிக் கோடு இருந்தால் வண்டி நகர்ந்து நாளாகிவிட்டது. பிறகு சக்ஷன் ஹோஸின் வாஷரை விரலால் தடவுவார். காய்ந்து வெடித்திருந்தால் காற்று இழுக்கும், பிரைமிங் ஆகாது, அதாவது பம்பில் தண்ணீர் ஏறாது. கடைசியில்தான், "தம்பி, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு பாப்போம்." பதிவேட்டில் மூன்று வண்டி இருக்கும். ஒன்று ஒர்க்‌ஷாப்பில் ஆஃப்-ரோடு, ஒன்று கண்டம் பண்ண எழுதிப்போட்டு உத்தரவு வராமல் நிற்பது, ஓடுவது ஒன்று. அண்ணாச்சி காகிதத்தில் 'ஒன்று' என்று எழுதுவார். நான் அரசாங்கப் படிவத்தில் மூன்று என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் அவர் எண்ணைக் குறித்துவைப்பேன். பிற்பாடு வேறு மாவட்டங்களுக்கும், அப்புறம் வெளி மாநிலங்களுக்கும் கணக்கெடுக்க அனுப்பியபோது இந்தப் பென்சில் எண்ணை நான் விடவில்லை. பல ஊர்களில் மொழி தெரியாது. ஸ்டார்ட் பண்ணச் சொல்ல மொழி வேண்டியதில்லை.

பம்ப் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மலையில் இருப்பவன் சொல்லாவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். தேசியப் படிவத்தில் பம்பின் திறன் என்ன, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் வண்டியில் அடித்த தகட்டைப் பார்த்து எழுதுவார்கள். அந்தத் திறனைச் சோதித்த இடம் சமவெளி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, காற்றுதான் தள்ளி ஏற்றுகிறது. கடற்கரையில் ஏட்டுக் கணக்குப்படி 10 மீட்டருக்கு மேல் ஏறவேண்டிய தண்ணீர் ஊட்டியில் 8 மீட்டரைத் தொடாது. உராய்வும் கசிவும் போக உண்மையில் கிடைப்பது இன்னும் குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினும் இந்த உயரத்தில் மூச்சு வாங்கும். இங்கே தண்ணீர் பள்ளத்தில் ஓடுகிறது, சாலை மேலே போகிறது, வீடு அதற்கும் மேலே இருக்கிறது. தகட்டு எண்ணை நம்பி தூத்துக்குடி வண்டியையும் ஊட்டி வண்டியையும் ஒரே வரிசையில் கூட்டுகிறார்கள். இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று பதில் வந்தது.

தூரமும் அப்படித்தான். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூர் அருகே காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. குன்னூர் நிலையத்துக்கு அது வரைபடத்தில் எட்டிப்பிடிக்கும் தூரம். ஆனால் விழுந்த இடம்வரை வண்டி போகப் பாதை கிடையாது. குடியிருப்பு மக்கள் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள், கம்பளி கொடுத்தார்கள். எங்கள் ஆட்களும் கையால் தூக்கித்தான் வேலை பார்த்தார்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து தீ இருந்த இடம்வரை உள்ள அந்த நேரத்துக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது? 'போய்ச் சேர்ந்த நேரம்' என்றால் சக்கரம் நின்ற நேரமா, பிராஞ்ச் என்கிற குழாய்முனையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிய நேரமா? எங்கள் ஹட்டிகளில், அதாவது மலைக் கிராமங்களில், வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். முன்னால் கல் பாவிய முற்றம், அதற்கு வருவது படி. வாட்டர் டெண்டர் சாலையில் நிற்க, டெலிவரி ஹோஸை மேலே இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். சமவெளி அதிகாரி ஒருவர் "அது ஹோஸ் லேயிங் டைம், ரெஸ்பான்ஸ் டைமில் வராது" என்றார். வீடு எரிகிறவருக்கு அதைப் புரியவைக்க அவரே வரட்டும்.

அமெரிக்காக்காரன் ஒழுங்காக வைத்திருப்பான் என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. அங்கேயும் ஆயிரக்கணக்கான ஊர்களில் தன்னார்வலர்கள் நடத்தும் சின்னச் சின்ன நிலையங்கள்தான் அதிகம். 1973-இல் வந்த ஓர் அறிக்கை நாடு எரிகிற கணக்கே யாரிடமும் இல்லை என்று சொன்ன பிறகு தேசிய அளவில் சம்பவப் பதிவு முறை கொண்டுவந்தார்கள். அதையும் நிலையங்களின் தேசியப் பதிவேட்டையும் மத்திய அரசு கட்டாயமாக்கவில்லை; மனமிருந்தால் பதியலாம். ஆனால் அவர்கள் ஒன்று செய்கிறார்கள். பதியாதவர்கள் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதிவைக்கிறார்கள். நம்மிடம் பதில் வராத நிலையம் என்று ஒன்று கிடையாது. எல்லாரும் கெடு தேதிக்குள் அனுப்பிவிடுவார்கள். இல்லாததற்கு இன்மை அறிக்கை. இருப்பதற்குப் போன வருடத்து எண்.

இப்போது வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். மாலை நான்கு மணிக்குச் செய்தி, ஐந்து மணிக்குள் பதில். நிலையத்தில் கணினி தெரிந்த ஒரு பையன் பழைய கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறான். அவனைக் குறைசொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவன் கிணற்றில் விழுந்த மாட்டையோ வீட்டுக்குள் வந்த பாம்பையோ பார்க்கப் போகவேண்டியவன். தென்மேற்குப் பருவத்தில் எங்கள் மலையில் பம்பைவிட மரம் அறுக்கும் பவர் சாதான் அதிகம் ஓடும். ஆனால் மேலே இருப்பவர்கள் அந்த எண்ணை வாங்கி, பச்சை சிவப்பு வட்டங்களாக்கி, பெரிய திரையில் போட்டு, கைதட்டிக்கொள்வதைப் பார்க்க முடியவில்லை. ஒரு படத்தில் இடம் மாறிப்போய் வருடங்களான நிலையத்துக்குப் பழைய இடத்திலேயே புள்ளி. சொன்னேன். "மேப்ல அப்படித்தான் சார் காட்டுது" என்றார்கள்.

தீயணைப்புக்குப் பணம் வராமல் இல்லை. 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்து, 2023-இல் மத்திய அரசு தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனப்படுத்தவும் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மாநிலம் தன் பங்காக 25 சதவீதம் போடவேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10 போதும். இமயமலை மலை, நீலகிரி மலை இல்லையா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எந்த ஊருக்கு என்ன வண்டி என்பதை, மேலே சொன்ன எண்களைத்தான் வைத்துத் தீர்மானிக்கப்போகிறார்கள். மூன்று வண்டி இருப்பதாகக் கணக்கில் உள்ள நிலையத்துக்கு நான்காவது எப்படி வரும்?

ஓய்வுக்குப் பிறகும் நிலையத்துப் பையன்கள் சிலர் படிவம் வந்தால் எனக்குப் போன் போடுகிறார்கள். போன மாதம் ஒன்று வந்தது. வண்டி வகைக்கு ஒரு பட்டியல் கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறது; 'வேறு' என்று ஒன்று இல்லவே இல்லை. பம்ப் ஓடிய நேரத்துக்குக் கட்டம் இல்லை. உயரம் எத்தனை மீட்டர் என்று கேட்கவில்லை. கடைசியில் 'இதர விவரங்கள்' என்று ஒரு சின்னப் பெட்டி, ஐம்பது எழுத்துக்கு மேல் வாங்காது. "என்ன சார் எழுதட்டும்?" என்றான் பையன். 'ஓடும் வண்டி 1. சந்துக்கு ஜீப் பம்ப் தேவை' என்று போடச் சொன்னேன். அதற்கு இடம் இருந்தது.